மூச்சைப் படித்த மலைக்குடில்

மார்கரிட்டா குடிலில் இரவு தங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பு கெட்டுவிடும். ஊர்ப்பேச்சை வைத்துச் சொல்லவில்லை. ஆல்ப்ஸ் மலையில் நான்கு வெவ்வேறு உயரங்களில் உள்ள நான்கு குடில்களில் 466 மலையேறிகளை மருத்துவர்கள் பரிசோதித்து, 1990-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கணக்கு இது. 2,850 மீட்டரில் இருந்த குடிலில் 9 சதவீதம் பேருக்கு மலைநோய். 3,050 மீட்டரில் 13 சதவீதம், 3,650-இல் 34. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மார்கரிட்டாவில் 53. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் தள்ளாட்டம். சிலருக்கு அதைவிட மோசமாகவும் ஆகும்.

அப்படியிருந்தும் 1893-இலிருந்து ஆட்கள் அங்கே ஏறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு சாரார் சிகரத்தைத் தொடப் போகிறார்கள். இன்னொரு சாரார், அங்கே போனால் உடம்பு கெடும் என்பதற்காகவே போகிறார்கள். இந்த இரண்டாவது சாராரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. லடாக்கில் காவல் நிற்கும் நம் சிப்பாய்க்கு அவசரத்தில் கொடுக்கப்படும் ஒரு மாத்திரைக்கும் இந்தக் குடிலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அது தெரிந்தபோதுதான் ஒருமுறையாவது அங்கே போய்ப் படுத்து எழுந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வேலை காரணமாக வட இத்தாலியில் இருந்ததால் அதற்கு வழியும் இருந்தது.

இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் மோன்டே ரோசா என்கிற மலைத்திரள் நிற்கிறது. நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் பல அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றான புன்டா ஞிஃபெட்டியின் உச்சியிலேயே, 4,554 மீட்டர் உயரத்தில், குடிலைக் கட்டியிருக்கிறார்கள். ஞிஃபெட்டி என்பது அடிவாரத்தில் உள்ள அலாஞா கிராமத்துப் பங்குத்தந்தையின் பெயர். 1834, 1836, 1839 என்று மூன்று முறை முயன்று முடியாமல் திரும்பி, 1842 ஆகஸ்ட் 9-ஆம் தேதி தோழர்களோடு உச்சியை எட்டியவர். ஞாயிறு பூசை வைத்துவிட்டு அந்த மலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

உச்சியில் ஒரு குடில் வேண்டும் என்று இத்தாலிய ஆல்பைன் கழகம் 1889-இல் தீர்மானித்தது. அந்தக் கழகத்தை 1863-இல் தொடங்கிவைத்த குவின்டினோ செல்லா ஓர் அறிவியலாளர். ஆகவே மலையேறுவதும் மலையில் அளந்து பார்ப்பதும் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே வேலையின் இரண்டு பாதிகள். மரக்குடிலை முதலில் பள்ளத்தாக்கில் வைத்து இழைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். அப்புறம் துண்டு துண்டாகக் கழற்றி, கோவேறு கழுதை போகிற வரை கழுதை முதுகில், அதற்கு மேல் பனியாற்றில் மனித முதுகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்தப் பலகைகளைச் சுமந்தவர்களுக்கு எப்படித் தலை வலித்திருக்கும் என்பதை யாரும் அப்போது குறித்துவைக்கவில்லை. 1893 ஆகஸ்ட் 18 அன்று இத்தாலிய அரசி மார்கரிட்டா தாமே அங்கே ஏறிவந்து ஓர் இரவு தங்கினார். குடில் அவர் பெயரைப் பெற்றது. மார்கரிட்டா பீட்சாவும் அவர் பெயரால் வந்ததுதான் என்று நேப்பிள்ஸில் ஒரு கதை உண்டு. குடிலில் இன்றைக்கும் பீட்சா போடுகிறார்கள்.

அரசி வந்துபோன அடுத்த வருடமே, 1894-இல், தூரின் பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் ஆஞ்சலோ மொஸ்ஸோ படைவீரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு வழியில் தங்கித் தங்கி மெதுவாக ஏறியது. மற்றது வேகமாக ஏறியது. மெதுவாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்கிறதா என்று பார்க்கத்தான். இன்றைக்கு எந்த மலைப்பயணத்துக்கும் முதலில் சொல்லப்படும் பாடத்தை அவர் அன்றைக்கே ஒரு சோதனையாக வகுத்துவிட்டார். விரலில் எடையைக் கட்டி இழுக்கவைத்து, தசை எவ்வளவு சீக்கிரம் களைக்கிறது என்று தாளில் கோடாக வரையும் கருவியைச் செய்தவரும் அவர்தான். அதையும் மேலே கொண்டுபோனார். தூங்குகிறவர்களின் மார்பில் கருவியைப் பொருத்தி மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் பதிவு செய்தார்.

அந்தப் பதிவுகளில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. தூங்குகிறவரின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது, பிறகு சிறிதாகிறது, பிறகு சில நொடிகள் நின்றே போகிறது. திரும்பவும் தொடங்குகிறது. இரவு முழுக்க இப்படியே. இந்த மூச்சு எனக்கும் பின்னால் அறிமுகமானது, அதற்கு வருகிறேன்.

மலைநோய்க்குக் காரணம் ரத்தத்தில் கரியமில வாயு குறைவதுதான் என்று மொஸ்ஸோ நம்பினார். அது சரியில்லை. ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதே காரணம் என்று பால் பேர் (Paul Bert) என்கிற பிரெஞ்சுக்காரர் 1878-லேயே காட்டியிருந்தார். மொஸ்ஸோ சொன்ன காரணம் நிலைக்கவில்லை என்றாலும் அவர் எடுத்துவைத்த அளவீடுகள் நிலைத்தன. கரியமில வாயு குறைவதும் உண்மையாகவே நடக்கிற விஷயம்தான், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1907-இல், குடிலுக்குக் கீழே சுமார் 2,900 மீட்டரில் உள்ள கோல் தோலென் கணவாயில், அவர் முயற்சியால் ஓர் ஆய்வுநிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரில் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து நாதன் சுன்ட்ஸ், கேம்பிரிட்ஜிலிருந்து ஜோசஃப் பார்கிராஃப்ட் என்று அந்தக் காலத்து உடலியல் ஆசிரியர்கள் பலர் இந்த மலையில் வந்து தங்கள் ரத்தத்தையும் மூச்சையும் அளந்துகொண்டு போனார்கள்.

மொஸ்ஸோவின் குழுவில் ஒரு படைவீரர் மேலே வந்ததும் மூச்சுத்திணறி, நுரையீரல் கெட்டு, பிழைப்பாரா என்கிற நிலைக்குப் போனார். நிமோனியா என்று நினைத்தார்கள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1891-இல், மோன்ப்ளான் மலையில் ஜோசஃப் வாலோ கட்டிய குடிலில் ஜாக்கோத்தே என்கிற இளம் மருத்துவர் இதே மாதிரி மூச்சுத்திணறி இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. இந்த இரண்டு பேருக்கும் வந்தது என்ன என்று மருத்துவ உலகம் தெளிவாகப் புரிந்துகொள்ள அப்புறம் அறுபது எழுபது வருடம் ஆயிற்று.

அலாஞாவிலிருந்து இப்போது போவது எளிது. எளிது என்பதுதான் அதில் ஆபத்தும். கிராமம் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பிவட வண்டி மாறி மாறி ஏறினால் காலைக்குள் புன்டா இந்த்ரென் என்கிற 3,275 மீட்டர் இடத்தில் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் 3,647 மீட்டரில் ஞிஃபெட்டி குடில், அங்கே ஒரு ராத்திரி. மறுநாள் விடியுமுன் கிளம்பி, லீஸ் பனியாற்றில் கயிறு கட்டிக்கொண்டு நாலைந்து மணிநேரம் ஏறினால் மார்கரிட்டா. காலையில் பள்ளத்தாக்கில் காபி குடித்தவர் மறுநாள் மதியத்துக்குள் நாலரை ஆயிரம் மீட்டரில் நிற்கிறார். இமயமலையில் இதே உயரத்துக்கு நடந்து போக ஒரு வாரம் பிடிக்கும், அந்த ஒரு வாரத்தில் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். இங்கே அதற்கு நேரமே கிடையாது. ஆரோக்கியமான ஒருவருக்கு, மருத்துவ வசதி எட்டும் தூரத்தில் இருக்கும்போது, திட்டமிட்டு மலைநோய் வரவழைக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஐரோப்பாவில் கிடையாது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இங்கே வருவதற்கு இதுதான் காரணம்.

எங்கள் கயிற்றில் மூன்று பேர். முன்னால் வழிகாட்டி, அந்தப் பள்ளத்தாக்குக்காரர், அதிகம் பேசாதவர். இருட்டில் நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் அவர் காலணியில் மாட்டியிருந்த கிராம்பான் ஆணிகள் பனியில் இறங்கும் சத்தத்தைப் பின்பற்றித்தான் நடந்தேன். லீஸ் கணவாய்க்குக் கீழே பனிப்பிளவுகள் இருக்கிற இடத்தில் மட்டும் நின்று, "கயிறு தொய்யக்கூடாது" என்று ஒருமுறை சொன்னார். கணவாய் 4,200 மீட்டருக்கு மேல். அதைத் தாண்டியதும் சுவிஸ் பக்கம் முழுதாகத் திறந்துகொண்டது. மேட்டர்ஹார்ன் ஒரு பக்கம் தெரிந்தது. நான் பார்த்தது பெரும்பாலும் என் காலைத்தான். பத்து அடி வைத்து நிற்பது, மூச்சு வாங்குவது, மறுபடி பத்து அடி. கடைசிச் சரிவில் அது ஐந்து அடியானது.

குடில் பார்ப்பதற்கு அழகான கட்டடம் என்று சொல்ல முடியாது. மரக்குடிலை எடுத்துவிட்டு 1980-இல் திறந்த இந்தப் புதிய கட்டடம், மூன்று தளம் கொண்ட ஒரு பெட்டி. உள்ளே முழுக்க மரம், வெளியே முழுக்கச் செப்புத் தகடு. சுற்றிலும் உயரமாக ஒன்றும் இல்லாத உச்சியில் இடி இறங்காமல் இருக்காது. இறங்கும் மின்சாரம் செம்பு வழியாகவே ஓடித் தரைக்குப் போய்விட, உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் பாறை நேராகக் கீழே விழுகிறது. சுமார் 70 பேர் படுக்கலாம். தண்ணீர் என்பது உருக்கிய பனிதான், குளிப்பதெல்லாம் கிடையாது. பொருட்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன. அங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீயை ஆற்றாமலேயே குடிக்க முடிந்தது.

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் சூப்பைத் தொடாமல் தலையைக் கையில் தாங்கியிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் அவர் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்தார். அது மேசையைச் சுற்றி எனக்கும் வந்தது. 76 என்று காட்டியது. சமவெளியில் ஒருவருக்கு இந்த எண் வந்தால் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். அங்கே எல்லாருக்கும் ஏறத்தாழ அதுதான். மருத்துவர்கள் மலைநோயை அளக்கப் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, 1991-இல் கனடாவின் லேக் லூயிஸில் கூடிப் பேசி வகுத்தது. தலைவலி, வயிறு, சோர்வு, தலைச்சுற்றல், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அதை மனதிற்குள் போட்டுப் பார்த்தேன். ஓரளவு தேறினேன்.

இரவில்தான் மொஸ்ஸோவின் மூச்சைக் கேட்டேன். மேல் படுக்கையில் இருந்தவர் தூங்கிப்போனார். மூச்சு மெதுவாகத் தொடங்கி, ஆழமாகி, இன்னும் ஆழமாகி, பிறகு தேய்ந்து, நின்றுவிட்டது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பத்தைத் தாண்டியபோது எழுந்து உலுக்கலாமா என்று தோன்றியது. அதற்குள் ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்ப வந்தது. நடப்பது இதுதான்: ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. வேகமாக விடுவதால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. விழித்திருந்தால் எப்படியோ சமாளிக்கலாம். தூக்கத்தில், மூச்சு விடு என்று மூளைக்கு உத்தரவு கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கரியமில வாயுதான். அது குறைந்ததும் உத்தரவு வருவதில்லை. வாயு சேர்கிற வரை மூச்சு நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் டையமாக்ஸ் மாத்திரை, சிறுநீரகம் வழியாகக் காரத்தை வெளியேற்றி ரத்தத்தைச் சற்று அமிலப் பக்கம் தள்ளுகிறது. அதனால் மூச்சு நிற்பது குறைகிறது. இதெல்லாம் எனக்கு முன்பே படித்துத் தெரியும். தெரிந்திருந்தும், இருட்டில் ஒரு மனிதரின் மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது வேறு விஷயம்.

இந்தக் குடிலோடு எனக்கு ஒட்டுதல் வந்ததே என் சித்தப்பாவால்தான். மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். லடாக்கில் ஒரு முகாமுக்குப் போனபோது அவருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. அதை ராணுவத்தில் எல்லாரும் ஹேப்போ என்பார்கள். எனக்குச் சின்ன வயதில் அது ஏதோ ஆளின் பெயர் மாதிரி கேட்கும். "ஹேப்போ வந்துருச்சுன்னா படுக்க முடியாதுடா தம்பி. உக்காந்தாத்தான் மூச்சு. நெஞ்சுக்குள்ள, கிணத்துல தண்ணி வத்தி மோட்டார் காத்து இழுக்குமே, அந்த மாதிரி சத்தம். எனக்கே கேக்குது" என்பார். "வேகமா ஏறிட்டீங்களா சித்தப்பா?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "எல்லாம் முறைப்படிதான்டா. ஒன்பதாயிரம் அடிக்கு மேல ஆறு நாள், பன்னெண்டாயிரத்துக்கு மேல நாலு நாள், பதினஞ்சுக்கு மேல இன்னொரு நாலு நாள். மொத ரெண்டு நாள் சும்மா படுத்துக் கெடக்கணும். எல்லாம் செஞ்சேன். கூட இருந்தவன் பீடி குடிச்சிக்கிட்டுத் திரிஞ்சான், அவனுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு வந்துச்சு." ஆக்சிஜன் வைத்து, ஒரு மாத்திரை கொடுத்து, காற்றடைக்கும் பை ஒன்றுக்குள் படுக்கவைத்து அழுத்தம் ஏற்றி, மறுநாள் ஹெலிகாப்டரில் கீழே இறக்கினார்கள். கீழே வந்த இரண்டு நாளில் எழுந்து நடந்துவிட்டாராம்.

நம் நாட்டில் இந்த நோயைப் புரிந்துகொண்டதே சிப்பாய்களை வைத்துத்தான். 1962 போரின்போது சமவெளியிலிருந்து வீரர்களை அவசர அவசரமாக மலைக்குக் கொண்டுபோனார்கள். குளிருக்கும் குண்டுக்கும் தப்பியவர்கள் மூச்சுத்திணறிப் படுத்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் அதை ஆராய்ந்து 1965-இல் கட்டுரை எழுதினார்கள். 1969-இல் 1,925 வீரர்களின் மலைநோயைப் பற்றி அவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியதை இன்றைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் சார்லஸ் ஹூஸ்டன் 1960-இல் ஓர் இளம் பனிச்சறுக்கு வீரரின் நுரையீரல் நீர்க்கோப்பைப் பதிவு செய்திருந்தார். ஆக, நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. கீழே இறக்கினால் சரியாகும் என்பதும் தெரிந்தது. எப்படி வருகிறது, யாருக்கு வருகிறது, வராமல் தடுக்க முடியுமா என்பது மட்டும் தெரியவில்லை.

அதற்கு விடை மார்கரிட்டா குடிலில் கிடைத்தது. 1980-களிலிருந்து பீட்டர் பேர்ட்ச், ஆஸ்வால்ட் எல்ஸ், மார்கோ மஜ்ஜோரினி ஆகிய மருத்துவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் கோடைதோறும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். எக்ஸ்ரே எந்திரத்தைக்கூட மேலே கொண்டுபோய் வைத்தார்கள். 1991-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கு 21 மலையேறிகள் வந்தார்கள். எல்லாரும் ஏற்கெனவே ஒருமுறையாவது மலையில் நுரையீரலில் நீர் கோத்துப் பிழைத்தவர்கள். அவர்களில் பத்துப் பேருக்கு நிஃபெடிபின் என்கிற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை, பதினோரு பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. எல்லாரும் ஒரே நாளில் பள்ளத்தாக்கிலிருந்து குடிலுக்கு ஏறி, அங்கேயே மூன்று நாள் தங்க வேண்டும். வெறும் மாத்திரை சாப்பிட்ட பதினோரு பேரில் ஏழு பேருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. நிஃபெடிபின் சாப்பிட்ட பத்துப் பேரில் ஒருவருக்கு.

இந்த எண்களை முதலில் படித்தபோது, அந்தப் பதினோரு பேரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை நெஞ்சுக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள். மறுபடியும் கேட்க நேரலாம் என்று தெரிந்தே, கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே மலையில் ஏறியவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "என்னைய மாதிரி ஆளுங்களாடா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், அவர் மாதிரி ஆட்கள்தான். உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறவியிலேயே சிலருக்கு, ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரல் ரத்தநாளங்கள் அளவுக்கு மீறி இறுகுகின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகுவதில்லை. இறுகாத இடங்களுக்கு மொத்த ரத்தமும் பாய்ந்து, அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்கள் கசிகின்றன. நிஃபெடிபின் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. லடாக் சிப்பாய்க்குக் கொடுப்பது என்று முதலில் சொன்ன மாத்திரை இதுதான்.

கசிவு அழுத்தத்தால் வருகிறதா, அல்லது நுரையீரல் அழற்சியால் வருகிறதா என்று ஒரு வாக்குவாதம் இருந்தது. அதைத் தீர்க்கவும் இந்தக் குடிலிலேயே வேலை நடந்தது. தன்னார்வலர்களின் இதயத்துக்குள் ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி நுரையீரல் அழுத்தத்தை அளந்தார்கள். நான் சூப் குடித்த அதே கட்டடத்தில்! நுரையீரலுக்குள் குழாய் விட்டு உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது. அந்த நீரில் ரத்த அணுக்களும் புரதமும் இருந்தன, தொடக்கத்தில் அழற்சிக்கான அடையாளம் இல்லை. அழுத்தம்தான் காரணம் என்பது உறுதியானது. 2006-இல் டடலாஃபில், டெக்ஸாமெதசோன் என்கிற வேறு இரண்டு மருந்துகளையும் இங்கேதான் சோதித்தார்கள். டெக்ஸாமெதசோன் எடுத்த பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட நீர் கோக்கவில்லை.

ஆய்வகம் என்று தனியாக ஒன்றைக் கட்டி, மலையேறிகளை வெளியே நிறுத்தியிருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோஹில் 1931-இலிருந்து அருமையான ஆய்வுநிலையம் இருக்கிறது, ரயிலே மேலே போகும். மார்கரிட்டாவில் மருத்துவரும் மலையேறியும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஒரே மாதிரி மூச்சுத்திணறுகிறார்கள். ஊசி போடுகிற மருத்துவருக்கும் தலை வலிக்கிறது. நோயாளி, மருத்துவர் என்று அங்கே யாரும் முழுதாக ஒரு பக்கத்தில் நிற்க முடியாது. அதனால்தான் தன்னார்வலர்கள் அவர்களை நம்பியிருக்க வேண்டும்.

குடிலுக்குச் சற்றுக் கீழே, கோல்லே ஞிஃபெட்டி என்கிற பனிமேடு. ஏறும்போது அதைத் தொட்டுக்கொண்டுதான் போவோம். பார்க்க வெறும் வெள்ளைத் தரை. அங்கே குளிர்காலப் பனியின் பெரும்பகுதியைக் காற்று வாரிக்கொண்டு போய்விடுவதால், ஆண்டுக்கு மெல்லிய அடுக்குதான் சேர்கிறது. அதனால் எண்பது மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பனி அடங்கிக் கிடக்கிறது. 1970-களிலிருந்து பனிக்கட்டியைத் தண்டு தண்டாகத் துளைத்து எடுத்து வருகிறார்கள். 2013-இல் எடுத்த தண்டை ஆராய்ந்தவர்கள் 2017-இல் ஒரு செய்தி சொன்னார்கள்: கடந்த சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளில் ஐரோப்பியக் காற்றில் ஈயம் இல்லாமல் இருந்ததே இல்லை, கொள்ளைநோய் கண்டம் முழுதையும் அள்ளிக்கொண்டு போன 1349 முதல் 1353 வரையிலான சில ஆண்டுகளைத் தவிர. சுரங்கம் தோண்ட ஆள் இல்லை, ஈயம் உருக்க ஆள் இல்லை. அந்த வெறுமை பனியில் அப்படியே பதிந்திருக்கிறது. இயற்கையிலேயே காற்றில் இவ்வளவு ஈயம் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் மனிதன் போட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பனி உருகிப் போவதற்குள் தண்டுகளை எடுத்து அண்டார்க்டிகாவின் கான்கார்டியா நிலையத்தில் பத்திரப்படுத்தும் திட்டம் ஒன்று நடக்கிறது. அதற்காக 2021 ஜூனில் இங்கிருந்தும் இரண்டு தண்டுகள் எடுத்தார்கள். அவசரம் நியாயமானதுதான். 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்துக்கு மேலே காற்று பூஜ்ய டிகிரியை எட்டும் உயரம் 5,184 மீட்டருக்குப் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 5,298. குடில் இருப்பதோ 4,554-இல். அந்த நாட்களில் ஆல்ப்ஸின் ஒரு சிகரம்கூட அந்த உயரத்துக்கு மேலே மிஞ்சவில்லை. உறைந்த பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும் கட்டடம் அது. பாறைக்குள் இருக்கும் பனிதான் பிளவுகளை ஒட்டவைத்திருக்கிறது. நூற்றுமுப்பது ஆண்டாக மனித உடம்பை அளந்த இடத்தில் இனி அடித்தளத்தையும் விடாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: குடில் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் ஆட்களோடு இயங்கும். பனியாற்றில் நடந்து பழக்கமில்லாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. முடிந்தால் ஞிஃபெட்டி குடிலில் இரண்டு இரவு தங்குங்கள், ஒரு பகல் முழுக்க அங்கேயே சுற்றிவிட்டு மேலே ஏறுங்கள். பலர் இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் தலைவலியோடு திரும்புகிறார்கள்.

மார்கரிட்டாவுக்கு நம்மில் சிலர்தான் போவோம். லேவுக்கும் கயிலாயத்துக்கும் வருடாவருடம் எத்தனையோ பேர் கிளம்புகிறோம். லே விமான நிலையம் 3,200 மீட்டருக்கு மேல், காலையில் டெல்லியில் ஏறினால் பத்து மணிக்குள் அங்கே இறங்கிவிடுவோம். கயிலாய மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். இறங்கிய முதல் இரண்டு நாள் எங்கும் சுற்றாமல் இருங்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள். டையமாக்ஸோ நிஃபெடிபினோ மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். முன்பு ஒருமுறை மலையில் மூச்சுத்திணறல் வந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். கூட வந்தவர்களில் யாருக்காவது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், படுத்தால் இருமல் வந்தால், காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே, அன்றைக்கே, நடக்க விடாமல் தூக்கியாவது கீழே இறக்கிவிடுங்கள்.